டி-2 எழுதிய உதாரணங்கள்

வெனெட்டா ஸ்லாவ்சேவாவுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். ஆனால் நாற்பத்து மூன்று வயதாகியும் அவள் அதை யாரிடமும் பேசியதில்லை. பேசுவதற்கு யாரும் அகப்படவும் இல்லை. பல்கேரியாவில், சோபியா நகரத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாவது மாடியில், தெற்குப் பார்த்த சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு இங்கிலீஷ் வாக்கியங்களுக்கு எழுத்துப் போடுவதுதான் அவள் வேலை.

வேலை இதுதான். நீளவாக்கில் வெட்டிய காகிதச் சீட்டு ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம் இருக்கும். பம்புகளைப் பற்றிய கட்டுரையிலிருந்து ஒன்று, ஏதோ செய்தித்தாளிலிருந்து ஒன்று, கோதுமை நோயைப் பற்றி ஒன்று. வாக்கியத்தில் வரும் ஒவ்வொரு சொல்லின் தலையிலும் அது பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா, பெயரடையா, வினையடையா என்று ஓர் எழுத்தைப் பென்சிலால் போட வேண்டும். அறுபதாயிரம் சீட்டு முடிந்ததும் அதைக் கீழ்த்தளத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவார்கள். அதற்குப் பிறகு அந்த இயந்திரம் தானாகவே இங்கிலீஷைப் பல்கேரிய மொழியில் மாற்றித் தள்ளும் என்று நிலையத்தில் எல்லோரும் நம்பினார்கள். அல்லது நம்புவதாகச் சொன்னார்கள்.

ஒருவர் போட்ட எழுத்து போதாது. அதே சீட்டுக்கு இன்னொருவரும் தனியாக எழுத்துப் போட வேண்டும். முன்பு அந்த இன்னொருவர் இதே அறையில் எதிர் மேசையில் இருந்தாள். அவளுக்கும் வெனெட்டாவுக்கும் ஒரு சொல்லுக்காக நான்கு நாள் சண்டை நடந்தது. பகுதித் தலைவர் போஷிதார் மிஹோவுக்குத் தலைவலி வந்துவிட்டது. அந்தப் பெண்ணை நூலகத்துக்கு மாற்றிவிட்டு, இரண்டாவது ஆளை வர்னாவில் ஏற்பாடு செய்தார். கடற்கரை ஊர், இரயிலில் எட்டு மணி நேரம். சீட்டுக் கட்டு பதினைந்து நாளுக்கு ஒருமுறை தபாலில் போகும், வரும். அங்கே இருப்பவர் பெயர் தெரியக் கூடாது, இங்கே இருப்பவர் பெயரும் அங்கே தெரியக் கூடாது. தெரிந்தால் ஒருவர் பேச்சுக்கு மற்றவர் வளைந்துவிடுவார் என்பது மிஹோவின் கணக்கு. ஆகவே வெனெட்டா எஸ்-1 ஆனாள். வர்னாக்காரர் டி-2. அவளுக்குச் சிவப்புப் பென்சில், அவருக்கு நீலம்.

இருவரும் வேறு வேறு எழுத்துப் போட்ட சொற்களுக்கு என்று தனியாக ஒரு வித்தியாசத் தாள் இருந்தது. அதில் ஆளுக்கு ஒரு வரி எழுதலாம். அதற்கும் மிஹோவ் ஒரு விதி வைத்திருந்தார்.

"காரணம் எழுதாதீங்க தோழர். காரணம் எழுதினா சண்டை வரும். அந்தச் சொல்லை வெச்சு இங்கிலீஷ்ல ஒரு உதாரணம் எழுதுங்க, போதும். நான் பார்த்துத் தீர்த்து வெக்கிறேன்."

வெனெட்டா லியுலின் குடியிருப்பில் ஒன்பதாவது மாடியில் தனியாக இருந்தாள். கல்யாணம் ஆகி மூன்று வருஷத்தில் புருஷன் விவாகரத்து வாங்கிக்கொண்டு போனான். சண்டை எதுவும் இல்லை, ஒரு நாள் சாமான்களைப் பிரித்து எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். அப்புறம் அப்பா வந்து கூட இருந்தார். அவரும் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு முட்டையை வேகவைப்பாள், ரொட்டியில் மிளகாய் விழுதைத் தடவிக்கொள்வாள், தட்டைக் கழுவி வைப்பாள். அதற்குப் பிறகு தூங்கும் வரைக்கும் நேரம் கிடக்கும். எதிர்வீட்டு டிங்கா மட்டும் அவ்வப்போது கதவைத் தட்டுவாள். டிங்காவுக்கு முடி வெட்டும் கடையில் வேலை. பேசாமல் இருக்கத் தெரியாதவள்.

முதல் வித்தியாசத் தாளில் ஒரே ஒரு சொல் இருந்தது. 'டவுன்.' வெனெட்டா அதற்கு வினையடை என்று போட்டிருந்தாள். டி-2 பெயரடை என்று நீலத்தில் போட்டு, கீழே ஓர் உதாரணம் எழுதியிருந்தார். அதன் பொருள் இது: 'லிஃப்ட் பழுதாகிக் கிடக்கிறது, ஆகவே கையில் இரண்டு பையோடு படியில் ஏறுகிறேன்.' பழுது என்பதற்கு அந்த மொழியில் அதே 'டவுன்'தான். வெனெட்டா அதை இரண்டு முறை படித்தாள். சொல்லுக்கு டி-2 போட்டதுதான் சரி. ஆனால் அவளுக்கு அந்த இரண்டு பை மனசில் நின்றது. உதாரணத்துக்கு அந்தப் பைகள் தேவையே இல்லை. அவள் சிவப்பில் எழுதினாள்: 'எங்கள் லிஃப்டும் மார்ச்சிலிருந்து பழுது. ஒப்புக்கொள்கிறேன்.'

அப்படித்தான் ஆரம்பித்தது.

அந்தக் குளிர்காலத்தில் நாடு முழுக்க மின்வெட்டு. இரண்டு மணி நேரம் இருக்கும், இரண்டு மணி நேரம் இருக்காது. டி-2 'லைட்' என்ற சொல்லுக்கு ஒரே தாளில் மூன்று உதாரணம் எழுதி அனுப்பினார். விளக்கு போய்விட்டது, மெழுகுவத்தியை ஏற்றினேன், என் இராச்சாப்பாடு லேசாக இருந்தது. மூன்றிலும் அதே சொல்தான், முதலில் பெயர், அடுத்து வினை, கடைசியில் பெயரடை. வெனெட்டா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். யாரோ ஒருவர் இருட்டில் தனியாக உட்கார்ந்து சூப் குடிக்கிறார். அது அவளுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

அவளும் எழுதினாள். கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பிப் போனேன் என்று, திரும்ப எனப் பொருள்படும் 'பேக்' என்ற சொல்லுக்கு எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை ரொம்ப நீளம் என்று 'லாங்' என்ற சொல்லுக்கு எழுதினாள். வாயால் ஒருவரிடமும் சொல்லியிராத விஷயங்கள் உதாரணம் என்ற பெயரில் சுலபமாக வந்தன. யாரும் அதைக் கேள்வி கேட்க முடியாது, உதாரணம் உதாரணம்தானே.

ஒரு முறை கட்டு பத்து நாள் தாமதமாக வந்தது. 'வெல்' என்ற சொல்லுக்கு நேரே, மூன்று வாரமாக எனக்கு உடம்பு நலமில்லை என்று இருந்தது. வெனெட்டா அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. எழுதியவர் எப்படிப்பட்ட ஆள் என்று அவள் தனக்குள்ளேயே ஒரு உருவம் கட்டி வைத்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். உயரம். துறைமுகத்தில் எங்கோ வேலை பார்த்திருப்பார், ஏனென்றால் உதாரணங்களில் கப்பல்கள் நிறைய வரும். மனைவி இறந்திருக்க வேண்டும்.

வசந்தகாலத்தில் 'அலோன்' வந்தது. ஏதோ ஒரு செய்தியிலிருந்து எடுத்த சாதாரண வாக்கியம்: 'ஷி லிவ்ஸ் அலோன்.' அவள் தனியாக வாழ்கிறாள். வெனெட்டா யோசிக்காமல் வினையடை என்று போட்டாள். எப்படி வாழ்கிறாள் என்றால் தனியாக; அவ்வளவுதானே. டி-2 பெயரடை என்றார். அந்தச் சொல் அவள் வாழும் விதத்தைச் சொல்லவில்லை, அவளையே சொல்கிறது என்பதுபோல் உதாரணம் எழுதினார்: 'ஒன்பது வருஷமாக நான் உட்காருவதும் தனியாக, எழுந்திருப்பதும் தனியாக. செய்கிற வேலை மாறுகிறது, நான் மாறவில்லை.'

வெனெட்டா விடவில்லை. தனியாக இருப்பதும் ஒரு வேலைதான், அதைத் தினமும் செய்ய வேண்டியிருக்கிறது என்ற பொருளில் எழுதினாள். அங்கிருந்து பதில் வந்தது: 'எனக்குப் பழகிவிட்டது.' இவள் எழுதினாள்: 'எனக்குப் பழகவில்லை.' நான்கு தாள், இரண்டு மாதம், ஒரு சொல்.

மிஹோவ் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் நான்கு தாளும் விரித்துக் கிடந்தன. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவற்றின்மேல் வைத்தார்.

"உதாரணமெல்லாம் ரொம்பச் சோகமா இருக்கே தோழர். ஒரு டிராக்டரைப் பத்தி எழுதக் கூடாதா?"

டிராக்டர் தனியாக இருந்தால் அதற்குத் தெரியாதே என்று வெனெட்டா சொன்னாள். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பெயரடை என்று தீர்ப்பு எழுதிச் சாப்பிடப் போய்விட்டார்.

ஜூன் மாதம் தொழிற்சங்கத்தில் அவளுக்கு ஓய்வு விடுதிச் சீட்டு கிடைத்தது. வர்னா, பதினான்கு நாள். அவளாகக் கேட்டு வாங்கவில்லை; பட்டியலில் அவள் முறை வந்தது. ஆனாலும் அன்றைக்குச் சாயங்காலமே கடைக்குப் போனாள். ஊதா நிறத்தில் ஒரு மேல்சட்டை வாங்கினாள். டிங்காவிடம் போய் முடியைச் சுருட்டிக்கொண்டாள்.

"யாருக்குடி இந்தக் கலரு?" என்றாள் டிங்கா, சீப்பை வாயில் கவ்விக்கொண்டே.

"யாருக்குமில்ல. கடலுக்குத்தான்."

"கடலுக்குன்னா நீச்சலுடை வாங்குவாங்க. சட்டை வாங்கினா அது கடலுக்கு இல்ல. பேரென்ன அவருக்கு?"

பெயர் தெரியாது என்று வெனெட்டா உண்மையைச் சொன்னாள். டிங்கா நம்பவில்லை.

வர்னாவில் கட்டுகள் போய்ச் சேரும் முகவரி அவளுக்கு மனப்பாடம். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகம். விடுதிக்கு வந்த மறுநாளே போனாள். வாசலில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த காவல்காரர், இங்கிலீஷ் சீட்டு பார்க்கிறவரா, மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடாது என்றார். லிஃப்ட் ஓடாது என்றதும் அவளுக்கு முதல் தாளில் வந்த அந்த இரண்டு பை ஞாபகம் வந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று முடியைச் சரிசெய்துகொண்டு ஏறினாள்.

கதவு திறந்திருந்தது. உள்ளே அறுபது வயது மதிக்கத்தக்க பருத்த அம்மாள் ஒருத்தி, வீட்டுச் செருப்போடு, காதில் நீலப் பென்சிலைச் செருகிக்கொண்டு ஒரு சீட்டைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிக்கணும், டி-2 எங்கே இருக்கிறார் என்று வெனெட்டா கேட்டாள்.

அந்த அம்மாள் சீட்டைத் தாழ்த்தினாள். சட்டையைப் பார்த்தாள், முடியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றாள். "நீ எஸ்-1. வா, உக்காரு. மூணு மாடி ஏறி வந்திருக்கே."

வெனெட்டா உட்கார்ந்தாள். என்ன பேசினாள் என்று பிற்பாடு அவளுக்கு ஞாபகமில்லை. தண்ணீர் குடித்தது மட்டும் ஞாபகம் இருந்தது. அந்த அம்மாள் பெயர் டெஸ்பினா. புருஷன் கப்பலில் சமையல்காரர். ஒன்பது வருஷம் முன்பு நடுக்கடலில் மாரடைப்பு வந்து போனார். இருபது வருஷம் துறைமுக அலுவலகத்தில் சரக்குக் காகிதங்களைப் படித்துப் படித்தே இங்கிலீஷ் கற்றவள். அவளும் அதை வாய்விட்டுப் பேசியதில்லை.

மத்தியானம் டெஸ்பினா அவளைக் கடற்கரைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனாள். பொரித்த நெத்திலி மாதிரிச் சின்ன மீன் ஒரு பொட்டலம், பீர் இரண்டு. வெனெட்டா மீனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நீ வேற யாரையோ தேடித்தானே வந்தே?" என்றாள் டெஸ்பினா.

"இல்லக்கா. அப்படியெல்லாம் இல்ல."

"பொய் சொல்ல உனக்கு வரல கண்ணு. உன் மேல தப்பில்ல. நம்ம பாஷைல 'களைச்சுப் போனேன்'னு ஒரு வரி எழுதியிருந்தா, சொன்னது ஆம்பளையா பொம்பளையான்னு அந்தச் சொல்லோட வாலே காட்டிக் குடுத்திருக்கும். இங்கிலீஷ்ல வாலே கெடையாது. யார் வேணா களைச்சுப் போகலாம்."

வெனெட்டா கடலைப் பார்த்தபடி, நான் பெண் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"மூணாவது தாள்லயே தெரியும். கதவைப் பூட்டினோமான்னு பாதி வழில திரும்பிப் போற ஆம்பளை எங்க இருக்கான்?" சொல்லிவிட்டு டெஸ்பினா சிரித்தாள். வெனெட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக, "சட்டை உனக்கு நல்லா இருக்கு. அதை நான் பார்த்ததுல ஒண்ணும் நஷ்டமில்ல," என்றாள்.

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் வெனெட்டாவுக்கு அது தாங்கவில்லை. விடுதியில் பெண்கள் காத்திருப்பார்கள் என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். மீதிப் பன்னிரண்டு நாளும் துறைமுகத்தின் பக்கம் தலைவைக்கவில்லை. மணலில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, வெயில் சுடச்சுட, தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷனை இழந்ததுபோல் இருந்தது. அப்படி ஒரு மனுஷன் இருந்ததே இல்லை என்பதால் யாரிடமும் சொல்லி அழவும் வழி இல்லை.

சோபியாவுக்குத் திரும்பிய பிறகு அவள் வித்தியாசமே வராமல் பார்த்துக்கொண்டாள். டெஸ்பினா எப்படிப் போடுவாள் என்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும்; அப்படியே போட்டாள். ஆகஸ்டில் வித்தியாசத் தாள் காலி. செப்டம்பரில் காலி. ஊதாச் சட்டையை டிங்காவிடம் கொடுத்துவிட்டாள். டிங்காவும் அதிசயமாக எதுவும் கேட்கவில்லை. சாயங்காலங்கள் முன்பைவிட நீண்டுபோயின. முன்பாவது பதினைந்து நாளுக்கு ஒரு கட்டு என்று ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. இப்போது கட்டு வந்தால் அதற்குள் சீட்டுகள் மட்டும்தான்.

அக்டோபரில் மிஹோவ் அறைக்கே வந்துவிட்டார்.

"நூத்துக்குத் தொண்ணூறு ஒத்துப்போனா ரெண்டு பேரும் வேலை செய்யறாங்கன்னு அர்த்தம். நூத்துக்கு நூறு ஒத்துப்போனா என்ன அர்த்தம் தெரியுமா தோழர்? ரெண்டு பேரும் பேசிக்கிறாங்கன்னு அர்த்தம்."

"பேசிக்கவே இல்ல தோழர்," என்றாள் வெனெட்டா. அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. மிஹோவ் தான் கடுமையாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு, பரவாயில்லை, பரவாயில்லை என்று பின்வாங்கிப் போனார்.

நவம்பர் கட்டில் ஒரு வித்தியாசம் இருந்தது. 'பம்ப் முற்றத்தில் இருக்கிறது' என்ற வாக்கியம். பச்சைக் குழந்தைக்கும் தெரியும், பம்ப் பெயர்ச்சொல். டி-2 அதன் தலையில் வியப்பிடைச்சொல் என்று போட்டிருந்தாள். ஐயோ, அடடா என்று கத்துகிற சொற்களுக்குப் போடும் எழுத்து. தாளில் நீலத்தில் உதாரணம்: 'பம்ப்! என்று கத்தினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.'

வெனெட்டாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தனி அறையில் தானாகச் சிரித்து எத்தனையோ வருஷமாயிற்று. சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு சிவப்பில் எழுதினாள்: 'திரும்பிப் பார்த்தேன். பெயர்ச்சொல்.'

அதற்கப்புறம் ஆறு வருஷம் அவர்கள் ஒழுங்காகச் சண்டை போட்டார்கள். கோடையில் இரண்டு நாள் கிடைத்தால் வெனெட்டா வர்னாவுக்குப் போவாள். நேரில் அவர்களுக்கு அவ்வளவாகப் பேச்சு வராது. மீன் சாப்பிடுவார்கள், கடலைப் பார்ப்பார்கள், டெஸ்பினா மூட்டுவலியைப் பற்றிச் சொல்வாள். வெனெட்டாவுக்கு அங்கே உட்கார்ந்திருக்கும்போதுகூட, ஊருக்குப் போய்த் தாளைப் பிரிக்க வேண்டும் என்றே இருக்கும். தாளில் எழுதும் டெஸ்பினா வேறு, எதிரே முள் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் டெஸ்பினா வேறு. இருவரையும் ஒன்றாக்க அவளால் கடைசி வரைக்கும் முடியவில்லை. அதை டெஸ்பினாவும் அறிந்திருந்தாள் போல. ஒரு நாளும் குறை சொல்லவில்லை.

கம்யூனிஸ்ட் ஆட்சி போனது. எல்லை திறந்தது. டெஸ்பினாவின் அண்ணன் மகள் கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கியிலிருந்து வந்து, இனிமேல் தனியாக இருக்க வேண்டாம் அத்தை என்று கூட்டிக்கொண்டு போனாள். கிளம்புவதற்கு முந்தைய கட்டில் டெஸ்பினா எந்த வித்தியாசமும் வைக்கவில்லை. தாளின் அடியில் முதல்முறையாகப் பல்கேரிய மொழியில் ஒரு வரி எழுதியிருந்தாள்: களைத்துப் போனேன், கண்ணு. அந்தச் சொல்லின் வாலில் பெண் என்று இருந்தது.

நிலையத்தில் இன்னும் நாலாயிரம் சீட்டு வேலை பாக்கி இருந்தது. இரண்டாவது ஆளைப் போட மிஹோவிடம் இடமும் இல்லை, அதிகாரமும் இல்லை. அவரே ஏழெட்டு வயது கூடியவர்போல் ஆகிவிட்டிருந்தார். நீலத்தையும் நீயே போட்டுவிடு, யார் பார்க்கப்போகிறார்கள் என்றார். இந்தத் தடவை தோழர் என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லை அப்போது எல்லோரும் விட்டுவிட்டிருந்தார்கள்.

வெனெட்டா முதலில் சிவப்பில் போட்டாள். ஒரு வாரம் கழித்து அதே சீட்டுகளைச் சிவப்பு தெரியாமல் மறைத்துக்கொண்டு நீலத்தில் போட்டாள். போடும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று, டெஸ்பினாக்கா என்ன போடுவாள் என்று யோசித்தாள். அவசரப்படவில்லை. முதல் கட்டை மிஹோவிடம் கொடுத்தபோது அவர் வித்தியாசத் தாளை எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பதினொண்ணு இருக்கே. ஒரே ஆள் ரெண்டு தடவை போட்டா பதினோரு வித்தியாசம் எப்படிம்மா வரும்?"

"அவங்க அப்படித்தான் போடுவாங்க சார்," என்றாள் வெனெட்டா. "உதாரணமும் எழுதியிருக்கேன், பாருங்க."

மிஹோவ் பார்த்தார். பதினொன்றையும் ஒன்றுவிடாமல் படித்தார். ஆறு சிவப்புக்கும் ஐந்து நீலத்துக்கும் தீர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஜூனில் அந்தப் பகுதியையே மூடினார்கள். சீட்டுகளைச் சணல் கயிற்றில் கட்டிப் பழைய காகிதக்காரனின் லாரியில் ஏற்றினார்கள். வெனெட்டா குளிர்பதனப் பெட்டிகள் இறக்குமதி செய்யும் ஒரு கடையில் சேர்ந்தாள். பெட்டியோடு வரும் இங்கிலீஷ் விளக்கத் தாள்களை மொழிபெயர்க்கும் வேலை. அங்கே ஒவ்வொரு வாக்கியமும் கட்டளையாக இருந்தது: கதவைத் திற, செருகியைச் செருகு, ஈரத் துணியால் துடை. யாரும் களைத்துப் போகவில்லை, யார் சாப்பாடும் லேசாக இல்லை. ஆறே மாதத்தில் அவளுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்ய வந்தது.

தெசலோனிக்கியிலிருந்து வருஷத்துக்கு இரண்டு கடிதம் வரும். டெஸ்பினாவுக்கு அங்கே நிறைய ஆட்கள்: அண்ணன் மகள், அவள் பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், சின்ன வயசில் வீட்டில் பேசிய கிரேக்கம் எனக்குப் பாதி மறந்துவிட்டது, உட்கார்ந்து தலையாட்டுகிறேன் என்று எழுதியிருந்தாள். வெனெட்டா பதில் எழுத உட்காரும்போது முதல் வரி எப்போதும் இங்கிலீஷில்தான் வரும். அதை அடிக்காமல் அப்படியே விட்டு, அதற்குக் கீழே எழுத ஆரம்பிப்பாள்.